கச்சான் கடைப் பாட்டுக்கு யாருக்குக் காசு?

மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைக் கைபேசியில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கச்சான் கடையில் போட்ட சினிமாப் பாட்டும் வீடியோவில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வரக்கூடும்: இந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார், விளம்பர வருமானம் அவருக்கு. அரோகராவுக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில் பாட்டை எப்படிப் பிடித்தார்கள்?

இப்படியான கருவிகள் சொற்களைக் கேட்பதில்லை. ஒலியைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்கள் ஓங்கி நிற்கின்றன என்று பார்க்கின்றன. அந்த உச்சங்களைப் புள்ளிகளாகக் குறித்தால் நட்சத்திரக் கூட்டம் போல ஒரு கோலம் வரும். இரைச்சல் சில புள்ளிகளை மறைக்கும், புதிதாகச் சிலவற்றைத் தூவும். மிஞ்சிய புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறாது. பாதி வானத்தை முகில் மூடினாலும் அறுமீனைக் கண்டுகொள்கிறோமே, அப்படித்தான்.

சரி, கண்டுபிடித்த பிறகு? ரெக்கோடிங் பார் காலத்தில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து 60 நிமிடக் கசட்டில் பதிந்து வாங்கினோம். காசு கடைக்காரருக்கு, பாட்டைச் செய்தவருக்கு ஒரு சதமும் இல்லை. கொப்பியைத் தடுப்பது மட்டுமே அன்று கம்பனிகளுக்குத் தெரிந்த வழி. 2007இல் யூடியூப் கொண்டுவந்த ‘கொன்டென்ட் ஐடி’ என்ற, பாட்டை அடையாளம் காணும் கருவி உரிமைக்காரருக்கு இன்னொரு வழியைத் திறந்தது: வீடியோவைத் தடுக்கலாம், பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம், அல்லது விளம்பரம் போட்டுக் காசாக்கலாம். உரிமைக்காரர்கள் 90 வீதத்துக்கும் அதிகமான தடவைகளில் மூன்றாவதையே தேர்ந்திருக்கிறார்கள். பின்னே? தடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. விட்டுவைத்தால் கொப்பியடித்தவரே சம்பளமில்லாத விற்பனையாளர். 2022 முடிவுவரை இந்த வழியில் 900 கோடி டொலர் கைமாறியிருக்கிறது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பதிவு ஒன்று முதலில் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பவர், உரிமை தனக்கு மட்டுமே என்று காட்டவும் வேண்டும். எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தவை. கூத்தைப் பழக்கும் எந்த அண்ணாவியார் “இது என் சொத்து” என்று எழுதிக் கொடுப்பார்? விடிய விடிய ஆடிய கூத்தை யாரோ எடுத்து ஏற்றினாலும் மத்தளத்தையோ சல்லரியையோ இயந்திரம் அடையாளம் காணாது. கூத்துத் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் போட்ட சினிமாப் பாட்டை மட்டும் சரியாகப் பிடித்துவிடும்.