எதிர்க்காற்றில் ஏறிய பாய்

“பாய்மரக் கப்பலைக் காற்று தள்ளுகிறது, சரி. காற்று எதிரே அடித்தால் என்ன செய்வார்கள்? திசை மாறும்வரை கடலிலேயே கிடப்பார்களா?” என்று ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார். அட்லாண்டிக் அடிமை வாணிபத்தின் தொடக்கமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கானரித் தீவுகளுக்குத் தெற்கே பொஜடோர் முனை என்று ஓர் இடம். போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி ஆண்டுக்கணக்கில் ஆள் அனுப்பியும், மாலுமிகள் அதைத் தாண்டாமலே திரும்பினார்கள். பூதங்களுக்குப் பயந்த மூடர்கள் என்று அவர்களைக் கேலி செய்வது வழக்கம். மூடநம்பிக்கை மேல் எனக்குப் பரிவு கிடையாது. ஆனால் அக்கால வரலாற்றாசிரியர் சுராரா எழுதி வைத்திருக்கும் காரணங்களில், அங்கே கடல் ஆழமில்லை, நீரோட்டம் கடுமை, போன கப்பல் திரும்பாது என்பவையும் உண்டு. இது பூதக்கதை இல்லை, அனுபவ அறிவு. அந்தக் கரையில் காற்று ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. நீரோட்டமும் தெற்கே இழுக்கிறது. போவது சுலபம், வருவதுதான் சிக்கல்.

1434இல் ஜில் எயானஸ் சின்னக் கப்பல் ஒன்றில் முனையைத் தாண்டித் திரும்பியும் வந்தார். ஒருமுறை போய்வருவது சாகசம். அதையே தொழிலாக்க வேறு கப்பல் வேண்டும். 1440களில் அந்த வேலைக்கு வந்ததுதான் கேரவல்: எடை குறைவு, முக்கோணப் பாய். அந்தப் பாய் போர்ச்சுகீசியர் கண்டுபிடிப்பு அல்ல, மத்தியதரைக் கடலில் நூற்றாண்டுகளாகப் புழங்கியது.

இனி எனக்குப் பிடித்த இடம். ஓடும் பஸ்ஸில் கையை வெளியே நீட்டி (கண்டக்டர் பார்க்காதபோது) உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால் கை மேலே எழும்பும். கை காற்றைக் கீழே திருப்புகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். பாயும் அப்படியே காற்றை வளைத்து அனுப்புகிறது. கிடைக்கும் விசையில் பெரும்பங்கு கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும், சிறுபங்கு முன்னே தள்ளும். கப்பலின் நீண்ட உடலும் அடியில் ஓடும் ஏரா மரமும் பக்கவாட்டில் நகர விடாது. சீத்தாப்பழ விதையை இரண்டு விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? விரல்கள் பக்கத்திலிருந்துதான் அழுத்துகின்றன, விதையோ முன்னால் பாய்கிறது. காற்று ஒரு விரல், கடல் இன்னொரு விரல்.

ஆனாலும் நேர் எதிரே போக முடியாது. ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்து, ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து, மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். சதுரப்பாய்க் கப்பல் காற்றின் திசைக்கு ஏறத்தாழ 67 டிகிரி வரை நெருங்கும். அதற்கு மேல் திருப்பினால் பாயின் ஓரம் படபடத்து மடங்கிவிடும். முக்கோணப் பாயின் முன் ஓரம் பருமல் என்னும், பாயைத் தாங்கும் நீண்ட சாய்வான மரத்தில் கட்டி விறைப்பாக நிற்பதால் கேரவல் சுமார் 55 டிகிரி வரை நெருங்கியது. வித்தியாசம் 12 டிகிரிதானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். காற்றை எதிர்த்து 100 கிலோமீட்டர் முன்னேறக் கேரவல் ஓட வேண்டியது 174 கிலோமீட்டர், சதுரப்பாய்க்கு 256. இரண்டும் பக்கவாட்டில் 10 டிகிரி வழுக்குகின்றன என்று வைத்துக்கொண்டால் முதலாவதற்கு 237, இரண்டாவதற்கு 445! பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த கொசைன் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இப்படித்தான் சரியும். எதிரே வரும் நீரோட்டத்தையும் சேர்த்தால், ஒன்று வீடு திரும்பும், மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்புறம் இன்னொரு உத்தியும் பிடிபட்டது. கரையோரமாகப் போராடாமல், காற்றைப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு நடுக்கடலுக்கு விலகி, அசோர்ஸ் தீவுகள் வரை ஏறினால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். 1497இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குக் கிளம்பியபோது தென் அட்லாண்டிக்கில் போட்ட பெரிய வளைவும் இதே உத்திதான்.

திரும்ப முடியும் என்றானதும் எதை ஏற்றி வந்தார்கள்? 1444இல் லான்சரோட் என்பவர் தலைமையில் ஆறு கேரவல்கள் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்திலிருந்து (நைஜீரியாவின் லாகோஸ் அல்ல) ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆர்கின் விரிகுடாவுக்குப் போயின. அதிகம் ஆழம் கேட்காத கப்பல்கள் என்பதால் அந்த மணல்திட்டுகளுக்கு நடுவிலும் நுழைய முடிந்தது. கிராமங்களில் புகுந்து பிடித்துவந்த 235 பேரை ஆகஸ்ட் 8 அன்று லாகோஸில் இறக்கிப் பங்கு பிரித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு, 46 பேர், குதிரைமேல் அமர்ந்திருந்த ஹென்றிக்கு. தாயையும் பிள்ளையையும் பிரித்ததைச் சுராராவே எழுதியிருக்கிறார். ஹென்றியின் பயணங்களை வீண்செலவு என்றவர்கள் லாபத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டதையும் அவரே சொல்கிறார். ஆராய்ச்சிக்குப் பணம் எப்போது தாராளமாக வரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள்.

2009இல் அதே லாகோஸில், நிலத்தடி கார் நிறுத்தம் கட்டத் தோண்டியபோது பழைய குப்பைமேடு ஒன்று வெளிப்பட்டது. அதில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள். சில, கைகள் கட்டப்பட்ட நிலையிலேயே கிடந்தன.