துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று எப்படித் தெரியும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரண டி-ஷர்ட்டும் மூக்குக்கண்ணாடியுமாக நின்று சுட்டு, கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அந்தப் படம் வராத வாட்ஸ்அப் குழு சிங்கப்பூரில் இருந்திருக்காது. "ஒரு சாதனமும் இல்லாமலே மனுஷன் ஜெயிச்சிட்டார்" என்றுதான் பலரும் எழுதினார்கள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால், காதுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அடைப்பான் தெரியும்.

இலக்கு சுடும் போட்டிகளில் பார்க்கும் விசித்திரமான பொருள்களில் பாதி, பார்வைக்கு உதவுபவை. ஒற்றை லென்ஸ், அதன் முன்னால் கேமராவில் இருப்பது போன்ற சுருக்கி விரிக்கும் துளை, குறிபார்க்காத கண்ணுக்கு முன் ஒரு மறைப்பு. துளை சின்னதானால் அருகிலுள்ள குறிமுனையும் தூரத்திலுள்ள இலக்கும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். டிகேச் இரண்டு கண்களையும் திறந்து வைத்துச் சுடுபவர். அதனால் அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. ரைஃபிள் வீரர்களின் விறைப்பான ஜாக்கெட்டும் அப்படித்தான். உடம்பு ஆடாமல் நிற்கவும் முதுகு தாங்கவும் அது, குண்டைத் தடுக்க அல்ல. காதடைப்பான் மட்டும் வேறு இனம். அது பாதுகாப்புச் சாதனம். அதை டிகேச்சும் விடவில்லை.

இந்த இரண்டாவது இனத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாதனம் ஒன்று உண்டு. விலை மிகவும் குறைவு, மின்சாரம் வேண்டாம், பழுதாக அதில் எதுவும் இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு. 'சேஃப்டி ஃபிளாக்' என்பார்கள்.

அது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு முதலில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் உள்ள நெம்புகோலைத் திறந்து, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டு ஒன்றை வைத்து மூடினால், அது குழலின் பின்முனையில் போய் உட்காரும். குண்டின் பின்பகுதி மெல்லிய பாவாடை போல விரிந்திருக்கும். குழலுக்குள் திருகுத் திருகாக வெட்டப்பட்ட வரிகளை அந்தப் பாவாடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் குண்டு இருக்கும் துப்பாக்கிக்கும் இல்லாத துப்பாக்கிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எடையில் அரை கிராம் கூடும். ஐந்து கிலோவுக்குப் பக்கமான ரைஃபிளில் அதை எந்தக் கை கண்டுபிடிக்கும்? சுட்டவரின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும். அறுபது முறை ஒரே காரியத்தைச் செய்த களைப்பில் ஞாபகம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

ஆரஞ்சுக் கயிறு அந்த ஞாபகத்துக்கு வேலையே வைப்பதில்லை. ஏர் துப்பாக்கிகளுக்கான சர்வதேச விதி, கயிறு குழலின் முழு நீளத்துக்கும் ஓடி, பின்னாலும் முன்வாயிலும் வெளியே தெரிய வேண்டும் என்கிறது. உள்ளே குண்டு இருந்தால் கயிறு அதில் முட்டி நின்றுவிடும், மறுபக்கம் வராது. கயிறு உள்ளே கிடக்கும்போது பின்கதவும் மூடாது, எனவே சுடவும் முடியாது. இது இரண்டும் ஒரே பார்வையில், பத்து மீட்டர் தள்ளி நிற்கும் சுடுதளப் பொறுப்பாளரான ரேஞ்ச் ஆஃபீசருக்கும் பக்கத்து வரிசைக்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கிக்காரரிடம் "காலியா?" என்று கேட்கவே வேண்டாம். களிமண் தகடுகளைப் பறக்கவிட்டுச் சுடும் வகைப் போட்டிகளில், அதாவது புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் கலந்துகொண்ட ட்ராப் போன்றவற்றில், துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தபடியேதான் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். குழல் வழியாக வெளிச்சம் தெரியும். யோசனை ஒன்றுதான்: துப்பாக்கியின் நிலைமை வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

விதிமுறைகளையும் இந்தக் கண்ணோடு படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். குண்டு துப்பாக்கியைத் தொட்ட நொடியிலிருந்தே அது 'லோட்' ஆனதாகக் கணக்கு. முழுக்க உள்ளே போய், கதவு மூடி, விசை (டிரிகர்) தயாராகும் வரை காத்திருப்பதில்லை. ஏன் இவ்வளவு கறார்? "பாதிதான் போட்டேன்" என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தால், எது பாதி என்று வெளியே நிற்பவர் தீர்மானிக்க முடியாது. தொட்டதா இல்லையா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். 'ஸ்டாப்' என்ற கட்டளை வந்த பிறகு, அனுமதியில்லாமல் குண்டு போட்ட துப்பாக்கியைக் கையாள்பவரைப் போட்டியிலிருந்தே நீக்கலாம். உள்ளே குண்டு மாட்டிக்கொண்டால் கையை உயர்த்திச் சொல்லிவிட்டு, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றால், பின்னால் உள்ள எந்தத் துப்பாக்கியையும் யாரும் தொடக் கூடாது. கயிறு போட்டிருந்தாலும்தான்.

தேசிய சேவை முடித்த பையன்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ரேஞ்சை விட்டுக் கிளம்பும்போது தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று உரக்க அறிவிக்கும் பழக்கம் அவர்களுக்கு அத்துப்படி.

விசையின் கனத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். குழலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, விசையில் அந்த எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். விசை விடுபட்டுவிட்டால், சரிசெய்யும் வரை அந்தத் துப்பாக்கி போட்டிக்கு ஆகாது. ஏர் ரைஃபிளுக்கு இப்படிக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. சிலருடைய ரைஃபிளில் விரல் பட்டாலே போதும். குறிபார்த்து முடிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் முதல் நாளிலிருந்தே ஏன் கத்துகிறார்கள் என்பது புரிகிறதல்லவா.

சரி, ஒரு சின்ன ஈயக் குண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டின் எடை சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய ஏழரை ஜூல் வரும். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் சமையலறை மேடையிலிருந்து தரையில் விழும்போது இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட இதுதான். காலில் விழுந்தால் "ஐயோ" என்போம், அதோடு சரி. ஆனால் குண்டு அதே ஆற்றலை 16 சதுர மில்லிமீட்டர் பரப்பில் இறக்குகிறது. கண்ணில் பட்டால் பார்வை போகும். வெடிமருந்தால் பாயும் 0.22 அங்குலத் தோட்டா வேறு கதை. 2.6 கிராம், நொடிக்கு 330 மீட்டர். ஆற்றல் 140 ஜூல், அதாவது பதினெட்டு மடங்குக்கும் மேல். பாவாடை போட்ட தட்டைத்தலைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். 0.22 தோட்டாவோ, குழல் மேல்நோக்கித் தூக்கியிருந்தால், ஒன்றரை கிலோமீட்டர் கூடப் போகும்.

சிங்கப்பூருக்கு இந்த எண்தான் தலைவலி. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27. இந்தத் தீவில் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத திசை எது? பழைய சுவா சூ காங் சாலையில் தேசிய துப்பாக்கி சுடும் மையம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக அமைந்திருந்தாலும், தூரத்தை மட்டும் நம்பி 0.22 சுட முடியாது. அதனால் உலகமெங்கும் இத்தகைய ரேஞ்சுகளில் தூரத்துக்குப் பதில் தடுப்புகளைக் கட்டுகிறார்கள். இலக்குக்குப் பின்னால் மண் மேடு, அல்லது தோட்டாவைக் கீழ்நோக்கித் திருப்பும் சாய்வான எஃகுத் தகடு. சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவே, தலைக்கு மேல் குறுக்காகத் தொங்கும் தடுப்புச் சுவர்கள். சுடும் இடத்தில் நின்று குழல் போகக்கூடிய எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வானம் தெரியக் கூடாது, எங்கு பார்த்தாலும் தடுப்போ மேடோதான் தெரிய வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் அளவுகோல். வானம் தெரிந்தால் தோட்டாவுக்கும் வழி உண்டு.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இத்தனை கட்டுமானம் வேண்டாம். நான்கு சுவரும் கூரையும் உள்ள ஒரு நல்ல கூடம் போதும். நிலம் குறைந்த ஊரில் இந்த வகை வேரூன்றியதில் ஆச்சரியம் இல்லை. மார்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் வாங்கிய இரண்டு தங்கங்களில் ஒன்று இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸில் சுட்டதும் இதே பிரிவில்.

ஏர் துப்பாக்கியில் வெளியே தெரியாத ஆபத்து இன்னொன்று உண்டு, அது காற்றுக் குடுவை. குழலுக்கு அடியில் நீளமாக இருக்கும் அந்த உருளைக்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் உள்ளிருந்து 200 கிலோ எடை தள்ளுகிறது என்று பொருள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உலோகம் நுண்ணளவில் விரிகிறது, சுட்டுக் காற்று குறையக் குறையச் சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இது நடந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளரலாம். இங்கே கயிறு போட்டுக் காட்ட வழியில்லை. ஆகவே தயாரிப்புத் தேதியைக் குடுவையின் மேலேயே பொறித்துவிடுகிறார்கள். பல குடுவைகளுக்கு ஆயுள் பத்து ஆண்டு. பார்க்கப் புதுசு போல மின்னினாலும், காலாவதித் தேதி தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு வீரருடையது. பழைய துப்பாக்கியை யாராவது மலிவு விலைக்குத் தருகிறேன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியை.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் இதில் தனித் தொல்லை. ஈரக் காற்றை இருநூறில் ஒரு பங்காக அமுக்கினால் அதிலுள்ள நீராவி தங்க இடமில்லாமல் தண்ணீராக இறங்கிவிடும். உள்ளே தேங்கினால் துருவும் அரிப்பும். அதனால் நீச்சல் முக்குளிப்புக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற உலர்த்திய, எண்ணெய் கலக்காத காற்றைத்தான் நிரப்புவார்கள், அதுவும் மெதுவாக, ஏனென்றால் வேகமாக அமுக்கினால் காற்று சூடாகும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது அறவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயைச் சந்தித்தாலே தீப்பிடித்து வெடிக்கலாம்.

காதுக்கு வருவோம். 0.22 ரைஃபிளின் ஓசை உச்சத்தில் 140 டெசிபல் அளவுக்குப் போகும், ஷாட்கன் அதையும் தாண்டும். திடீரென்று வரும் ஓசைக்கு 140 டெசிபலைத்தான் ஆபத்துக் கோடாக வைக்கிறார்கள். உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஏர் பிஸ்டலின் ஓசை மிகக் குறைவு. அதனால்தான் டிகேச்சுக்குச் சின்ன அடைப்பானே போதுமாக இருந்தது. மற்றவர்கள் போட்டிருந்த பெரிய காது உறைகளின் வேலையில் பாதி, கூட்டத்தின் கூச்சலை மறக்கவைப்பது. பேச்சை வாங்கித் தரும் மின்னணுக் கருவி உள்ள காது உறையை வீரர் போடக் கூடாது, பயிற்சியாளர் காதுக்குள் ஓதிவிடுவார் என்று. கண்ணுக்கு, உடையாத லென்ஸ். எஃகில் மோதிய ஈயம் சில நேரம் துணுக்காகத் திரும்பி வரும்.

ஈயம் என்றதும் குண்டு படுவதை மட்டுமே நினைக்கிறோம். குண்டுகளை விரலால் எடுத்துப் போடுகிறோம், அதே விரலால் வியர்வையைத் துடைக்கிறோம், அப்புறம் அதே விரலால் கறி பஃப் சாப்பிடுகிறோம். ஈயம் உடலில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது, எலும்பில் போய்த் தங்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 0.22 தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்திலும் ஈயச் சேர்மம் இருப்பதுண்டு, அது புகையோடு மூக்குக்குள் போகும். அதனால்தான் நல்ல உள்ளரங்குகளில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஓடும்படி அமைக்கிறார்கள். ரேஞ்சில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. முடித்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கைகழுவ வேண்டும். ரேஞ்சுக்குப் போட்ட சட்டையைக் குழந்தை துணிகளோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பதும் நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்று வாங்கி வீட்டில் வைத்துப் பழகலாம் என்று யாருக்காவது தோன்றினால், சிங்கப்பூரில் அது நடக்காது. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் ஏர் துப்பாக்கியையும் ஆயுதமாகவே பார்க்கிறது. சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்திலிருந்து பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. வெளிநாட்டில் விளையாட்டுச் சாமானாக விற்கும் ஒன்றை நினைவுப் பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆர்வம் இருந்தால் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினராகி, ரேஞ்சிலேயே பழகலாம். சுட்டு முடித்ததும் துப்பாக்கி ரேஞ்சின் ஆயுதக் கிடங்குக்குப் போய்விடும், நீங்கள் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பழகப் பழக எப்போது சுட விடுவார்கள் என்ற அவசரம் வரும். முதல் வகுப்புகளில் பெரும்பாலும் கயிற்றைப் போடவும் எடுக்கவும்தான் சொல்லித்தருவார்கள்.