சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

இந்த மழைக்காலத்தில் மட்டும் இது நான்காவது வீடு. நான்கிலும் ஒரே காட்சி. கூடத்தில் கட்டில், தலைமாட்டில் ஃபிளாஸ்க், கால்மாட்டில் கம்பளி, நடுவில் மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெரியவர். "டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம் ஆகிறது. வரும்போது நன்றாகத்தான் இருந்தார். இப்போது காலே விளங்கவில்லை. பக்கவாதமாக இருக்குமோ?" என்று வீட்டார் கேட்கிறார்கள்.

பக்கவாதம் இல்லை. ஆறு வாரமாக அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பவே இல்லை. அதுதான் காரணம்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கிறேன். முன்னாள் ராணுவத்தினர் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உள்ள மாவட்டம் இது. 1965, 1971 போர்களில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். நிமோனியா, மாரடைப்பு, ரத்தத்தில் கலந்துவிட்ட சிறுநீர்த் தொற்று என்று ஏதாவது ஒன்று வந்து படுக்கிறார்கள். மருத்துவமனையில் பாடுபட்டுப் பிழைக்க வைத்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகளின் அன்பே அவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது. இதைத்தான் கோபத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

நான்காவது வீட்டுக்காரருக்கு 77 வயது. பெயரும் ஊரும் வேண்டாம். பீரங்கிப் படையில் இருந்தவர். நாசிக் ரோடு முகாமில் பயிற்சி, 1971 டிசம்பரில் மேற்குப் போர்முனையில் ஷகர்கர் பகுதி, பிறகு ஹவில்தாராக ஓய்வு. ஆகஸ்ட் கடைசியில் நிமோனியா. 11 நாள் மருத்துவமனை, அதில் 5 நாள் ஐ.சி.யு. நான் போனபோது அக்டோபர் முடியப்போகிறது. என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லக் கையை உயர்த்தினார். மணிக்கட்டில் இருந்த வாட்ச் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போயிற்று. அவர் அதைக் கவனிக்காததுபோல் கையை இறக்கிக்கொண்டார். எனக்கு அதற்குமேல் பரிசோதனை தேவைப்படவில்லை. ஆனாலும் டேப் எடுத்துக் கெண்டைக்காலை அளந்தேன். 27 சென்டிமீட்டர். 31-க்குக் கீழே போனாலே தசை கரைகிறது என்று நாங்கள் கவலைப்படுவோம்.

"நாட்டுக்காக உழைத்த உடம்பு அம்மா. இனிமேலாவது ஓய்வு எடுக்கட்டும் என்று நாங்கள் அசையவே விடவில்லை" என்றார் மகன். பெருமையாகச் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அங்கே சொல்லாமல் விழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

படுக்கை வேறு, ஓய்வு வேறு. ஓய்வு என்றால் களைத்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவது, மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது, நடந்து வந்து மூச்சு வாங்கினால் நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்வது. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமான முதியவர்களை வெறும் 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 10 நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், நிமோனியாவில் உடம்பு எரிந்து தணிந்து வந்தவருக்கு ஆறு வாரத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இருபது வயதுப் பையன் இழந்த தசையை ஓரிரு மாதத்தில் மீட்டுவிடுவான். எழுபதைத் தாண்டியவர் அதைத் திரும்பச் சேர்க்கப் பல மாதம் படாதபாடு படவேண்டும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. "கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் எழுந்து நடக்கட்டும்" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். படுத்துக்கொண்டே இருந்தால் அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? எழுந்து உட்கார்ந்து, நின்று, நாலு அடி வைத்தால்தான் தெம்பு வரும். டாக்டர் டிஸ்சார்ஜ் தாளில் 'ரெஸ்ட்' என்று எழுதியிருந்தால், எத்தனை நாள், உட்காரலாமா, நடக்கலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். எலும்பு முறிவு, சில இதய நோய்கள், சில அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மெய்யாகவே கட்டுப்பாடு உண்டு. அதை அவர் சொல்வார். சொல்லாத கட்டுப்பாட்டை நீங்களாக விதிக்காதீர்கள்.

அன்று அவரை உட்கார வைத்தேன். கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் இருத்திய பிறகு, மகனும் நானும் பிடித்து நிறுத்தினோம். படுத்திருந்தபோது மேல் ரத்த அழுத்தம் 128. நின்றதும் 98. கண் இருட்டுகிறது என்று அவர் சொல்லவில்லை. உதடு வெளுத்ததை வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். 64 கிலோ எடையில் இருந்தபோது எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரைகளை 55 கிலோ எடையிலும் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் போன் செய்தோம். அவர் வரச்சொல்லிப் பார்த்து ஒன்றைக் குறைத்தார். பெரிய நோயிலிருந்து மீண்டவரின் மாத்திரைச் சீட்டை ஒரு மாதத்துக்குள் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

பிறகுதான் சாக்ஸைக் கழற்றினேன். குளிருகிறது என்று மருமகள் போட்டுவிட்ட தடித்த கம்பளிச் சாக்ஸ். வலது குதிகாலில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு படுக்கைப் புண். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். தினமும் உடம்பு துடைத்துவிட்டு, மாமனாரை ஒரு குறை இல்லாமல் பார்த்துக்கொண்டவர். "மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "சொல்லி என்ன ஆகப்போகிறது? இது ஒரு வலியா?" என்றார் அவர்.

பட்டாளத்துக்காரர்களிடம் எனக்குப் பெரும் மரியாதை உண்டு, அவர்களிடம் நான் மிகவும் பயப்படுவதும் இந்த ஒன்றுக்குத்தான். உடம்புக்கு முடியவில்லை என்று போய் நிற்பதை வேலைக்கு டிமிக்கி கொடுப்பதாகப் பார்க்கும் சூழலில் இருபது வயதிலிருந்து வளர்ந்தவர்கள் அவர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார்கள். ஆகவே அவர்களிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்களே பாருங்கள். குதிகால், இடுப்பின் அடிப்பகுதி, இடுப்புப் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, பின்தலை. தினமும் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அதுதான் தொடக்கம். நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாகவோ கல்போலவோ இருக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி வையுங்கள். படுத்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். மஞ்சள், பவுடர், எண்ணெய் எதையும் புண்ணில் வைக்கவே கூடாது. கறுத்த தோலைச் சுரண்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டைக் கேட்டேன். காலையில் ரவைக் கஞ்சி, மதியம் குழைந்த ரசஞ்சாதம், மாலையில் காபி பிஸ்கட், இரவு இரண்டு இட்லி. "லேசாகக் கொடுக்கிறோம், ஜீரணமாக வேண்டுமே." கூட்டிப் பார்த்தால் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. நோயிலிருந்து மீளும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 55 கிலோ மனிதருக்கு 66 கிராமாவது வேண்டும். இவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தது, அதனால் தடையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவோடு நிற்கவேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். கெட்டிப் பருப்பு, பால், தயிர், மீன், சுண்டல் என்று வேளைக்கு ஒன்றாவது இருக்கட்டும். அரைத்தோ மசித்தோ கொடுங்கள். உட்கார்த்தி வைத்துத்தான் ஊட்டவேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் இறங்கும், நிமோனியா மறுபடி வரும்.

இன்னொன்று. மருத்துவமனையில் மூன்றாம் நாள் இரவு அவர் ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டு இந்தியில் கட்டளை போட்டிருக்கிறார். "புத்தி பேதலித்துவிட்டது, போர் நினைவு வந்துவிட்டது" என்று வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருந்தார்கள். அது டெலிரியம். கடும் நோயில் முதியவர்களுக்குத் திடீரென்று வரும் குழப்பம். பகலில் தெளிவாகவும் இரவில் மோசமாகவும் இருக்கும். ஆக்சிஜன் குறைவு, காய்ச்சல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புது மாத்திரை, தூக்கமின்மை எதுவும் அதைக் கிளப்பும். அந்தக் குழப்பத்தில் பழைய போர்க்களம் கண்முன் வருவதும் உண்டு. அதற்காக அவருக்குப் பைத்தியம் என்று பொருளில்லை. டாக்டரிடம் உடனே சொல்லவேண்டிய அறிகுறி அது. தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்தால் குழப்பம் கூடும்.

இவர் விஷயத்தில் பாதிக் குழப்பத்தை நாமே செய்திருக்கிறோம். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது அது. வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது காதுக்குக் கருவி உண்டு. அதைத் தொலைந்துவிடும் என்று பயந்து முதல் நாளே கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டார்கள். கண்ணாடியையும்தான். நர்ஸ் கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவில்லை, பதிலும் இல்லை. 'சுயநினைவு சரியில்லை' என்று நோட்டில் ஏறியிருந்தது. கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றும் நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பெயர் ஒட்டிய டப்பாவில் போடுங்கள்.

நடமாட்டத்தைத் தொடங்குவது பெரிய வித்தை இல்லை. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி. பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். முதல் நாள் ஐந்து முறை, முடியாவிட்டால் இரண்டு. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடியுங்கள். சாப்பாடு மூன்று வேளையும் நாற்காலியில். பெட்பேன் வேண்டாம், கட்டிலருகே கமோட் நாற்காலி வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு திடீரென்று வாங்கினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால் எனக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் அவர் மனைவிக்கும் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. அட்டை பெட்டிக்குள் இருக்கிறது என்கிறார்கள். எடுத்துக்கொண்டு அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய், பிசியோதெரபி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள்.

இவருக்கு நான் பயிற்சி என்று சொல்லவில்லை, பி.டி. என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே சவரம் செய்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்றைக்குள் நிற்கவேண்டும் என்று நாள் குறித்துக் கேட்டதற்கு, "டிசம்பர் 16" என்றார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். வருடாவருடம் அன்று காலையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வாசலில் இரண்டு நிமிடம் நிற்பாராம், திரும்பி வராத தோழர்களுக்காக.

ஏழு வாரம் இருந்தது. விழுந்தார், கோபப்பட்டார், ஒருநாள் என்னை வரவேண்டாம் என்றார். டிசம்பர் 16 அன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை 22 அடி நடந்து இரண்டு நிமிடம் நின்றார். சட்டை, மெடல், எல்லாம் இருந்தன. ஷூ மட்டும் போட முடியவில்லை. குதிகால் புண் இன்னும் ஆறவில்லை, பின்பக்கம் வெட்டிய ரப்பர் செருப்புதான். முந்தின நாளே பாலிஷ் போட்டு வைத்த ஷூ திண்ணையில் இருந்தது. திரும்பும்போது அதை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

படுத்திருக்கும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்று இரவே சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.