காற்று ஓய்ந்த மறுநாள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சுழற்காற்று லயத்து வரிசை வீடுகளின் கூரைகளைப் பிடுங்கிப் போட்ட மறுநாள், டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, நான் இருக்கும் கிளினிக்குக்கு முதலில் வந்தவன் பதினேழு வயதுப் பையன். காற்றில் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஊரே கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் துப்புரவில் தகரம் பொறுக்கும்போது ஆணியை மிதித்துவிட்டான். பலகை, ஆணி, ரப்பர் சிலிப்பர், கால் எல்லாம் ஒன்றாகக் கோத்தபடி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்கள். பிடுங்கிக் கழுவிப் பார்த்தால், காயத்துக்குள் சிலிப்பர் ரப்பரின் துணுக்கு. அதை எடுக்காமல் கட்டுப் போட்டிருந்தால் உள்ளேயே சீழ் பிடித்திருக்கும்.

படிவம் 3-இல், பதினைந்து வயதில், பள்ளியில் போட்ட டெட்டனஸ் ஊசி அவனுக்கு இருந்தது. என் கண் போனது கூட வந்த அப்பாவிடம். உள்ளங்கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

“எனக்கு ஒன்னுமில்ல டிரசர், பையனப் பாருங்க.”

“கடைசியா எப்ப ஊசி போட்டீங்கண்ணே?”

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அந்த ஊசியே அவருக்குக் கிடைக்கவில்லை. தகரம் கிழித்த மண்காயம் வேறு. அன்று ஆபத்து அதிகம் இருந்தது அவருக்குத்தான்.

பூத்திங் பெலியோங் என்று நாம் சொல்லும் இந்தச் சுழற்காற்று சில நிமிடங்களில் போய்விடும். 2014 அக்டோபரில் கெடா மாநிலத்தின் பெண்டாங்கில் அது வீடுகளின் கூரையைச் சுழற்றியதைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் என்னிடம் வரும் காயங்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு, உதவி செய்யப் போன இடத்தில் பட்டவை. அக்கம்பக்கத்துக்கு ஓடுகிற இந்தப் பிள்ளைகளைத் தடுக்க எனக்கு மனமில்லை. சிலிப்பரோடு மட்டும் போகாதீர்கள், பூட்ஸ் போடுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டவே போகாமல் மின்வாரியமான தெனாகாவின் 15454-க்கு அழையுங்கள். குப்பையை அள்ளும் முன் வீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சமூகநலத் துறையில் உதவி கேட்கும்போது தேவைப்படும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கூரைதான். பழைய லயங்களில் அஸ்பெஸ்டோஸ் தகடுகள் இன்னும் இருக்கின்றன. உடைந்த தகட்டைப் பாட்டிமார் விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தத் தூசியின் இழை கண்ணுக்குத் தெரியாது, இருமல்கூட வராது. 20, 30 ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாகத் தலைகாட்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, மேலும் உடைக்காமல், என்95 முகக்கவசம் போட்டு, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று ஒரு துண்டைக்கூட எடுத்து வைக்க வேண்டாம்.

அப்புறம், கூரையில் நீங்களே ஏறாதீர்கள். மழையில் ஊறிய பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கூரை வரும்வரை கன்வாஸ் கட்டுவோம், சரி. தொய்ந்த இடத்தில் தேங்கும் மழைநீரில் பத்து நாளுக்குள் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பறக்கத் தொடங்கிவிடும். சரிவாக இழுத்துக் கட்டுங்கள், தினமும் ஒருமுறை தட்டிவிடுங்கள். சேற்றில் வேலை செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோல் காய்ச்சல் மாத்திரையோடு படுத்துவிடாமல் கிளினிக்குக்கு வந்து, சேற்றில் நின்றதையும் சொல்லுங்கள்.

அந்த அப்பாவுக்கு மூன்று ஊசி எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்று. இரண்டாவதுக்கு ரப்பர் மரம் சீவிவிட்டு நேராக வந்தார், கையில் பால் வாசத்தோடு. கூட அவர் லயத்துக்காரர்கள் நான்கு பேர், அவர்களும் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள்.