டிக் டிக் சத்தத்துக்காக இன்ஜினை இறக்கிவிடாதீர்கள்

காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் பிக்கப் ஒன்று போன மாதம் என் பட்டறைக்கு வந்தது. பதினான்கு வருட வண்டி, நான்கு சிலிண்டர் டீசல். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின்போல் டிக் டிக் என்று அடிக்கும். சென்ட்ரலைத் தாண்டும்போது சத்தம் அடங்கிவிடும். முதலில் காட்டிய இடத்தில் "பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனையோடுதான் அந்த அண்ணன் என்னிடம் வந்து நின்றார்.

வந்தது நண்பகல். இன்ஜின் நல்ல சூட்டில் இருந்ததால் சத்தமே இல்லை. "வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் அண்ணே, காலையில் நானே ஸ்டார்ட் செய்து கேட்கிறேன்" என்றேன். ஒரு நாள் லோடு போய்விடுமே என்று தயங்கினார். ஆனாலும் சம்மதித்தார். அந்த ஒரு ராத்திரி இல்லாமல் எனக்குக் காரணம் தெரிந்திருக்காது.

மறுநாள் அதிகாலை, குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் அடித்தவுடன் சத்தம் வந்தது. மூன்றடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, சிலிண்டர்களின் புகையைச் சைலன்சருக்கு அனுப்பும் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். நான்காவது சிலிண்டர் பக்கம் போனதும் காதில் அறைந்ததுபோல் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்டை அடைக்கும் பேக்கிங் ஓரத்தில் கரி படிந்திருக்கிறது; அந்த வழியாகப் புகை கசிகிறது. மேனிஃபோல்டைப் பிடிக்கும் கடைசி ஸ்டட் (திருகுக் கம்பி) உடைந்து கிடக்கிறது. இரும்பு மேனிஃபோல்டு சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கும். அந்த இழுப்பு இரண்டு ஓரங்களிலும்தான் அதிகம். போதாததற்குக் கடற்காற்றும், பெட்டியிலிருந்து வழியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து துருவேற்றிவிடுகின்றன. சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் நின்றுபோகிறது. உடைந்த துண்டின்மேல் நட்டு ஒன்றை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தேன். மேனிஃபோல்டு முகத்தை மட்டம் பார்த்து, புதுப் பேக்கிங் வைத்து மூட அரை நாள் ஆனது. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தக் கசிவைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. புகை கேபினுக்குள் புகும். மார்க்கெட்டில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டே கேபினில் கண்ணயரும் தம்பிகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

டிக் டிக் என்றால் நம் ஆட்கள் அடுத்து சொல்லும் பெயர் டேப்பெட். பழைய டீசலில் அது உண்மையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. காற்றையும் புகையையும் விடும் வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் கால்பங்கு, மூன்றிலொரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். தேய்மானத்தில் அது கூடினால் தட்டும். சரியான அளவும், குளிர்ந்த நிலையில் வைப்பதா சூட்டில் வைப்பதா என்பதும் அந்தந்த இன்ஜின் கையேட்டில் இருக்கிறது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் கைக்கணக்கில் வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சத்தம் சுத்தமாக நிற்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்க, சிலர் டேப்பெட்டை இறுக்கிவிடுகிறார்கள். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்குவது, மூடித் தன் சீட்டில் உட்காரும்போதுதான். இறுகிப்போன வால்வு முழுதாக உட்காராது; எரிந்து ஓரம் உதிரும். அப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடும், இழுவையும் இல்லாமல் போகும். லேசாகத் தட்டும் டேப்பெட்டைவிட இறுகிய டேப்பெட்தான் எனக்குக் கவலை தருகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். மட்டமான தரையில் வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் மேலே ராக்கர் வரை ஆயில் ஏறாமல் தட்டும். அளவு ஏறியிருந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. துறைமுகம் போகும் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கிறோம். மீட்டர் ஓடுவதில்லை, இன்ஜின் ஓடுகிறது. கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றினால் அதற்குள் அது கரிக்குழம்பாகிவிடுகிறது.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய சத்தம் வேறு. அது டிக் அல்ல. கீழேயிருந்து வரும் கனமான டக் டக். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழலும். அதனால் ஒரு டேப்பெட்டின் தட்டல் நிதானமாகக் கேட்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்-ராடு பேரிங்கின் அடி கிராங்கோடு சேர்ந்து வேகமாக ஓடும், லோடு ஏற ஏறக் கூடும், சூடேறி ஆயில் இளகினால் இன்னும் மோசமாகும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை முதலில் டேப்பெட் கவரிலும் பிறகு பிளாக்கின் கீழ்ப்பக்கத்திலும் வைத்துக் கேட்டால் எது எங்கே என்று பிரிந்துவிடும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகிற இடம் அது. தோளில் துண்டோடு குனியாதீர்கள்.

பழைய பம்ப் வண்டியில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டு. கண்ணாடியும் கையுறையும் போட்டு, பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது. எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த லைனில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மணலியில் தண்ணீர் கேன் போடும் ஒருவர் இப்படிப்பட்ட அடி கேட்டதும் யாரோ சொன்னார்கள் என்று கெட்டியான ஆயிலும் ஏதோ ஒரு மருந்தும் ஊற்றினார். இரண்டு வாரம் சத்தம் அடங்கியிருந்தது. பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. முதல் வாரமே வந்திருந்தால் பேரிங் செட்டோடும் கிராங்க் கடைசலோடும் முடிந்திருக்கும். கடைசியில் புதுப்பேட்டையில் பழைய பிளாக் தேடி அலைந்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் செல்ஃப் அடித்தால் தண்ணீர் சுருங்காது, ராடுதான் வளையும். கொஞ்சமாக வளைந்தால் வண்டி ஓடும். சத்தம் நாள் கழித்துத் தெரியவரும். வெள்ளம் பார்த்த வண்டியை நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்களும் மழைக்காலத்தில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள்.

யாராவது இன்ஜினை இறக்க வேண்டும் என்றால், ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. ஆயில் அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. கேஜ் மாட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள். ஓடும்போது ஆயில் லைட் சிவப்பாக எரிந்தால் மட்டும் பட்டறை வரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பாலத்தின் மேலே இருந்தாலும் ஓரம் கட்டி அணைத்துவிட்டு போன் செய்யுங்கள். கயிறு கட்டி இழுத்துவர ஆள் அனுப்புகிறேன்.