ரைட் டு வொர்க்: பெயர் ஒன்று, சட்டம் வேறொன்று

அமெரிக்காவின் 'ரைட் டு வொர்க்' சட்டத்தை 'வேலை உரிமைச் சட்டம்' என்று எழுதினால், நம்மவருக்கு நூறு நாள் வேலைத் திட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சட்டமோ யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை.

அங்கே ஓர் ஆலையில் பெரும்பான்மையினர் வாக்களித்து ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், உறுப்பினர் அல்லாதவருக்கும் அதுவே பேச வேண்டும். ஒரே ஆலையில் நாலைந்து கொடிக்கம்பம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. சந்தா கட்டாத ஒருவரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கினாலும், அவருடைய புகாரைச் சங்கம் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் பலன் பெறும் எல்லோரும் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே விதி சேர்ப்பார்கள். அந்த விதி செல்லாது என்பதே ரைட் டு வொர்க்.

1848 புரட்சியின்போது பாரிஸ் தொழிலாளர்கள் 'வேலை உரிமை' கேட்டது, அரசு வேலை கொடுக்க வேண்டும் என்ற பொருளில். இன்றைய அமெரிக்கப் பொருளைப் பரப்பியது, 1941இல் டாலஸ் மார்னிங் நியூஸ் நாளிதழில் வில்லியம் ரகில்ஸ் எழுதிய தலையங்கம். 1944இல் ஃபுளோரிடாவும் ஆர்கன்சாவும் இதைத் தம் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தன. நாடு முழுமைக்குமான 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டம், மாநிலங்கள் இப்படிச் சட்டம் போட வழிவிட்டது. இப்போது 26 மாநிலங்களில் நடப்பில் இருக்கிறது. மிச்சிகன் 2012இல் கொண்டுவந்து 2023இல் ரத்து செய்தது.

பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். உரிமை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 2014இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 53 சதவீதம் பேர் சங்கங்களை ஆதரித்தார்கள். ரைட் டு வொர்க் சட்டத்துக்கு வாக்களிப்போம் என்றவர்களோ 71 சதவீதம். மார்ட்டின் லூதர் கிங் 1961இலேயே இதைப் போலி முழக்கம் என்று சாடியிருந்தார். முழக்கம் எப்போதும் ஜெயிப்பதுமில்லை: 2018இல் மிசூரியில் இச்சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள்.

தமிழில் 'கட்டாயச் சந்தா தடைச் சட்டம்' என்பதே பொருந்தும். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் மறுக்க முடியாத பெயர் இது. தலைப்பில் இடம் போதவில்லை என்று 'கட்டாய' என்பதை மட்டும் வெட்டிவிடக் கூடாது. சங்கம் சந்தாவே வாங்கக் கூடாது என்று அர்த்தமாகிவிடும்.