கியூட்டெக்ஸ்: நகச்சாயமா, நகப்பூச்சா?

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனில் ஃபேன்சி கடைக்குள் நுழைந்து "நெயில் பொலிஷ் இருக்கா?" என்று கேட்பவர்கள் குறைவு. "கியூட்டெக்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். தலவாக்கலையிலும் பதுளையிலும் அப்படித்தான். சிங்களம் பேசுகிறவர்கள் வாயிலும் அதே சொல்தான். போத்தலில் எந்தக் கம்பனியின் பெயர் அச்சடித்திருந்தாலும் அது கியூட்டெக்ஸ்தான்.

கியூட்டெக்ஸ் ஒரு விற்பனைப் பெயர். அமெரிக்காவில் நோர்தம் வொரன் என்பவர் 1911இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று அது நகத்துக்கு நிறம் பூசும் பொருள் அல்ல, நகத்தின் வேர்ப்பக்கம் படர்ந்து ஏறும் மெல்லிய தோலை இளக்கி எடுக்கும் திரவம். அந்தத் தோலுக்கு ஆங்கிலத்தில் கியூட்டிகிள் என்று பெயர். 'சிறு தோல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பெயரின் முற்பாதி அங்கிருந்துதான் வந்தது. அதே பெயரில் நிறப்பூச்சு வந்தது சில ஆண்டுகள் கழித்து. தோலைக் குறித்த பெயர் இங்கே நகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, மலைநாட்டில் நகத்தில் பூசுவதெல்லாம் கியூட்டெக்ஸ் ஆனது.

'பொலிஷ்' என்ற சொல்லும் இன்றைய பொருளுக்குச் சரியாக ஒட்டவில்லை. பொலிஷ் என்றால் மெருகு. 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டார் நகத்தில் தூளோ பசையோ வைத்து, மென்தோலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அது மெருகிடுதல்தான். இன்று போத்தலைத் திறந்து பூசுவதில் தேய்ப்பே இல்லை. ஆகவே 'நகமெருகு' என்று மொழிபெயர்ப்பது பழைய வேலைக்குப் பொருந்தும், இன்றைய பொருளுக்குப் பொருந்தாது.

தமிழில் இதற்குச் சொல் தேடும்போது முதலில் நகம் என்ற சொல்லையே பார்க்க வேண்டும். அது வடமொழி 'நக' என்பதிலிருந்து வந்தது. ஆங்கில 'நெயில்' என்பதும் அந்த வடசொல்லும் ஒரே மூலத்தில் பிறந்தவை. தமிழின் சொந்தச் சொல் உகிர். சங்கப் பாடல்களில் புலியின் கூர்நகம் 'வள்ளுகிர்' என்று வரும். கன்னடத்தில் உகுரு, தெலுங்கில் கோரு, எல்லாம் ஒரே குடும்பம். நகச்சுற்றுக்கு அகராதிகளில் உகிர்ச்சுற்று என்றும் உண்டு. ஆனால் உகிர்ப்பூச்சு என்று சொல்லிக் கடையில் கேட்டால் யாருக்கும் விளங்காது. நகம் ஊரறிந்த தமிழ்ச்சொல்லாகி எவ்வளவோ காலமாயிற்று, அதை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் பாதிக்குத்தான் போட்டி. நகச்சாயம், நகப்பூச்சு இரண்டும் எழுத்தில் புழங்குகின்றன. சாயம் என்றால் உள்ளே ஊறி ஏறுவது. துணிக்குச் சாயம் போடுகிறோம், அது நூலுக்குள் இறங்குகிறது. நகத்துக்கு அப்படி ஏறுவது மருதாணி. இலையில் உள்ள லோசோன் என்ற நிறப்பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடும். அதனால் கழுவினால் போகாது. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர, வெட்ட வெட்டத்தான் குறையும். கியூட்டெக்ஸ் அப்படி அல்ல. அது நகத்தின் மேல் படியும் மெல்லிய படலம், நகத்துக்குள் போகக் கூடாதது. உள்ளே போனால் அது கோளாறு: அடிப்பூச்சு இல்லாமல் கடும் சிவப்பைப் பூசி ஒரு வாரம் விட்டால் நகம் மஞ்சளாகிறதே, அதுதான்.

பேசுகிற தமிழ் இதை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. மருதாணி 'வைக்கிறோம்', கியூட்டெக்ஸ் 'பூசுகிறோம்'. வினைச்சொல்லே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நகப்பூச்சு என்பதே சரி. நகச்சாயம் என்ற பெயரை மருதாணிக்கு விட்டுவிடலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. பூச்சு என்று விளங்கிக்கொண்டால், வீட்டில் பூசும்போது ஏன் கெடுகிறது என்பதும் விளங்கும். போத்தலுக்குள் இருப்பது முக்கியமாக நைட்ரோசெலுலோஸ் என்ற, படலமாகும் பொருள். அதை எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்திருக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகிப் பறந்ததும் படலம் மட்டும் மிஞ்சும். 'காய்வது' என்பது அவ்வளவுதான். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேல்பக்கம் முதலில் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் கொப்புளமாகவும் சுருக்கமாகவும் வெளிவரும். மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் மூன்று நிமிடம். தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகும் உள்ளே முழுதாக உலரச் சில மணி நேரமாகும். இரவு எட்டரைக்குப் பூசி ஒன்பதுக்குக் கம்பளிக்குள் போனால், காலையில் கம்பளியின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். கொழும்பில் ஓடும் பூச்சு இங்கே தேன்போல் கெட்டியாக இருக்கும். மூடிய போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூன்று நிமிடம் உருட்டினால் இளகும். குலுக்கக் கூடாது, காற்றுக்குமிழ் ஏறும். அடுப்பருகே வைத்துச் சூடாக்குவது பெரிய ஆபத்து. எதைல் அசிட்டேட்டின் ஆவி நீரின் உறைநிலைக்குக் கீழான குளிரிலும் தீப்பற்றும், பூச்சைக் கழற்றும் ரிமூவரில் சேரும் அசிட்டோன் அதைவிட மோசம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் விறகடுப்பும் படுக்கையும் பக்கம் பக்கமாக இருக்கும். அடுப்பு எரியும்போதும் குப்பிவிளக்கோ சாமிவிளக்கோ எரியும்போதும் போத்தலைத் திறக்கவே வேண்டாம். குளிருக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு பூசினால் தலையிடி வரும். வாசல் திண்ணைதான் நல்ல இடம்.

திண்ணையில் ஒரு சிக்கல், மூடுபனி. கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அங்கே நீராகப் படிந்து பூச்சை மங்கலாக, வெண்மை பூத்ததுபோல் ஆக்கிவிடும். கடும் சிவப்பிலும் கறுப்பிலும் இது பளிச்சென்று தெரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், நுவரெலியா பக்கம் முற்பகல் வெயில் கிடைக்கும் நேரமாகப் பார்த்துப் பூசுவது நல்லது. அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் காற்று உலர்ந்திருக்கும், அங்கே இந்தத் தொல்லை குறைவு. காய வைக்கக் கையைக் குளிர்ந்த நீரில் முக்கும் பழக்கமும் உண்டு. நீர் பட்டதும் மேற்பரப்பு இறுகியதுபோல் தோன்றும், ஆனால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறியிராது.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் கைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பச்சைக் கொழுந்தின் சாறு காற்றுப்பட்டுக் கறுக்கிறது. தேயிலை ஃபெக்டரியில் இலையைக் கறுப்பாக்கும் அதே மாற்றம் விரலிலும் நடக்கிறது. எலுமிச்சம்பழப் பாதியைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கறை இளகும். பிறகு கை காந்தும், தேங்காய் எண்ணெய் தடவத் தோன்றும். அதைப் பூசி முடித்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் படலம் நகத்தைப் பிடிக்காது. ஈரத்திலும் அப்படியே: நகம் நீரை உறிஞ்சி விரியும், காய்ந்ததும் சுருங்கும், மேலே உள்ள பூச்சு வெடிக்கும். கழுவி அரை மணி நேரம் கழித்து, ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தை மட்டும் ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். நடுவில் ஒரு இழுப்பு, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. தோலில் முட்டாமல் ஒரு மயிரிழை இடம் விட வேண்டும், தோலில் ஏறிய இடத்திலிருந்துதான் உரியத் தொடங்கும். கடைசியாகத் தூரிகையை நகநுனியின் விளிம்பில் ஓட்டி மூட வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும்தான் கொழுந்தைக் கிள்ளுகின்றன, அங்கேதான் முதலில் பெயரும். அந்த விரல்களில் நகத்தைக் கட்டையாக வெட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மேற்பூச்சு மட்டும் புதுப்பித்தால் ஒரு வாரம் ஓட்டலாம்.

பழைய போத்தல் கெட்டியானால் சிலர் ரிமூவர் ஊற்றுவார்கள். அது பூச்சின் கலவையையே குலைத்துவிடும். அதற்கென்று விற்கும் தின்னர் இரண்டு மூன்று துளி போதும்.

ஜெல் என்று விற்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது காய்வதில்லை, அதற்கென்றுள்ள புற ஊதா விளக்கின் ஒளியில் இறுகுகிறது. தமிழில் 'உலர்தல்', 'இறுகுதல்' என்று இரண்டு சொல்லையும் பிரித்து ஆள்வது நல்லது.

இனி கிளிட்டர். தமிழுக்கு மின் என்ற வேர் இருக்கிறது: மின்னல், மின்மினி, மினுமினுப்பு, மினுக்கு. ஆனால் 'மின்துகள்' என்று ஆக்கினால் மின்சாரம் நினைவுக்கு வரும், அந்த வேரை மின்சாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'மினுக்கு' என்பதிலும் ஒரு நெருடல். மினுக்கிக்கொண்டு திரிகிறாள், மேனாமினுக்கி என்று பெண்களை ஏசவே அதைப் பாவித்திருக்கிறார்கள். அந்த ஏச்சுக்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். மினுக்குத்தூள், மினுக்குப்பூச்சு என்று எழுதலாம். திருவிழாச் சோடனையில் பழகிய ஜிகினா என்பதும் எல்லோருக்கும் விளங்கும். தமிழில் காக்காப்பொன் என்று ஒரு சொல் உண்டு, மினுங்கும் தகட்டையும் மைக்கா எனும் அப்பிரகக் கல்லையும் குறிக்கும். முத்துப்போல் மெல்ல மினுங்கும் பூச்சுகளில் உண்மையிலேயே அப்பிரகத்தூள் சேர்கிறது, அந்த வகைக்கு இந்தப் பெயர் அச்சொட்டாகப் பொருந்தும். சொரசொரப்பாகப் பளீரென்று வெட்டும் மினுக்குத்தூள் வேறு. அது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளை நுண்ணிய அறுகோணங்களாக வெட்டியது.

மினுக்குப்பூச்சைத் தூரிகையால் இழுத்தால் திரவம்தான் பரவும், துகள் ஒதுங்கிக்கொள்ளும். ஸ்பொஞ்சில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதில் பூச்சைத் தடவி, நகத்தில் ஒற்ற வேண்டும். ஸ்பொஞ் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள, துகள் நெருக்கமாக நகத்தில் தங்கும். நுனியில் மூன்று முறை, நடுவில் ஒருமுறை ஒற்றினால் அடியிலிருந்து நுனிக்கு அடர்ந்து வரும் அழகு கிடைக்கும். சொரசொரப்பு அடங்க மேற்பூச்சு இரண்டு தேவை, ஒன்று போதாது. கைவேலைக் கடையில் விற்கும் ஜிகினாத்தூளைப் போட வேண்டாம். அதன் நிறம் கரைப்பானில் கரைந்து ஓடும்.

பூசுவதைவிடக் கழற்றுவதுதான் பெரும்பாடு. துகள் பஞ்சைப் பிய்க்கும், தேய்க்கத் தேய்க்க நகமும் தேயும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு, அப்படியே இழுத்தால் வந்துவிடும். திங்கட்கிழமை வெறும் நகத்தோடு பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. அடிப்பூச்சுக்குப் பதிலாகக் கடதாசி ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, அது நிறமற்றுத் தெளியும்வரை காயவிட்டு, அதன்மேல் மினுக்குப்பூச்சு. ஞாயிறு மாலை வெந்நீரில் விரலை வைத்திருந்தால் ஓரம் கிளம்பும், முழுத் தகடாக உரித்துவிடலாம். உடுப்புக் கழுவப் போனால் முன்பே கழன்றுவிடும். கிளம்பாத இடத்தைக் கிள்ளி இழுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும்.

உரித்த தகட்டையும் பஞ்சையும் வடிகானில் போடக் கூடாது. மினுக்குத்தூள் பிளாஸ்டிக், மக்காது. தனியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்குத்தூளை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரிலேயே தடுத்துவிட்டது. லயத்துக் கானில் விழுந்தது மழையோடு தேயிலை மலைக் கானுக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போகும். ஈரப் பஞ்சில் ரிமூவர் இருப்பதால் அடுப்பிலும் போட முடியாது. திண்ணையில் ஆறவிட்டு, கடதாசியில் சுருட்டிக் குப்பையில் சேர்க்கலாம்.